சவுனாவில் வியர்த்த மூன்று துப்பாக்கிகள்

ஹில்யா கடைக்குள் நுழைந்தபோது காலணியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டவில்லை. கூசிலாம்பி ஊரில் யாரும் அப்படி உள்ளே வருவதில்லை. கடைக்காரி ஆவுனே தரையில் பதிந்த ஈரத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஹில்யாவின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த துப்பாக்கிக் குழலைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நாலு மணிக்கு நகரத்துலருந்து போலீஸ் வண்டி வருதுக்கா," என்றாள் ஹில்யா. "ஏமிலைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

அவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடந்தது ஊருக்கே தெரியும். சனிக்கிழமை ஐந்து பேர் எல்க் மான் வேட்டைக்குப் போனார்கள். சதுப்புக்காட்டின் ஓரமாக இருநூறு அடிக்கு ஒருவராக வரிசையாய் நின்றார்கள். வடகோடியில் நீலோ, அடுத்து ஹில்யாவின் கணவன் ஏமில், நடுவில் நீலோவின் அண்ணனும் வேட்டைக்குத் தலைவருமான ஆர்வி, அடுத்து மரக் கம்பெனியின் ஏஜென்ட் ரெய்னோ, தென்கோடியில் ஓட்டோ. பதினோரு மணிக்குத் தீ மூட்டிக் காப்பி குடித்துவிட்டு மறுபடியும் போய் நின்றார்கள். பன்னிரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு ஏமில் ஒரு மானைப் பார்த்துச் சுட்டான். மான் ஓடிவிட்டது. ஆர்வி மட்டும் மார்பில் குண்டு துளைத்து விழுந்து கிடந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. குண்டு உடம்பைத் துளைத்துப் பனிக்குள் போய்விட்டதால் அது கிடைக்கவில்லை.

சுட்டதாக ஒத்துக்கொண்டது ஏமில் மட்டும்தான். அவனுடைய குழல் மட்டும்தான் கரியேறி இருந்தது. மற்ற மூன்று பேரும் சுடவே இல்லை என்றார்கள். அவர்களுடைய குழல்கள் கரியில்லாமல் சுத்தமாக இருந்தன. போன கோடையில் ஒரு புல்வெளிக்காக ஏமிலும் ஆர்வியும் பால் பண்ணை வாசலில் வைத்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதை ஊரே பார்த்திருந்தது. அதனால் இதை யாரும் விபத்து என்று சொல்லவில்லை.

"அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டாள் ஆவுனே.

"முதல் நாள், நான் காட்டுப் பக்கமாத்தான் சுட்டேன், அதே நேரத்துல இன்னொரு வெடிச்சத்தம் கேட்டுதுன்னார். எல்லாரும் அது எதிரொலின்னாங்க. நேத்துப் பார்க்கப் போனப்ப, எதிரொலியாத்தான் இருக்கும்போலன்னார். இன்னிக்குக் காலையில..." ஹில்யா நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஒருவேளை நான்தானோ ஹில்யான்னு என்னையே கேக்கறார். அவருக்கே சந்தேகம் வந்திடுச்சுக்கா. வண்டியில ஏறினார்னா நகரத்துல எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுடுவார்."

அடுப்போரம் காப்பி குடித்துக்கொண்டிருந்த சூலோ கோப்பையைக் கீழே வைத்தான். அவன் ஆவுனேயின் கணவனுடைய தம்பி, பஸ் டிரைவர். அவனுடைய பஸ் சாயங்காலம் நாலரைக்குத்தான் கிளம்பும். அதுவரை ஊரிலுள்ள எல்லார் விவகாரத்துக்கும் அவனிடம் நேரம் இருந்தது.

"நீலோதான் அண்ணி," என்றான். "அண்ணன் செத்தா பண்ணை தம்பிக்கு. இதுக்கு யோசனை வேற வேணுமா?"

"நீ போன வாரம் என் பூனையைத் திருடினது பாதிரியார்னு சொன்னவன்," என்றாள் ஆவுனே. "பூனை கட்டிலுக்கடியில இருந்தது. கோட்டை எடு."

ஆவுனேவுக்கு ஐம்பது வயது. போர் நடந்த ஐந்து வருஷமும் ரயில் சந்திப்பில் இருந்த ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவள். போர்முனையிலிருந்து வண்டி வண்டியாக வந்து குவியும் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்ப்பாள். ஒரு சாக்கட்டிக் கோடு போட்டால் நல்லது. இரண்டு கோடு என்றால் பழுது பார்க்கலாம். பெருக்கல் குறி போட்டால் உருக்குவதற்கு. ஒரு நாளைக்கு இருநூறு. போர் முடிந்து, ராணுவம் பழைய துப்பாக்கிகளைக் கழித்துப் போட ஆரம்பித்தபோது, அவற்றை வாங்கித் தரம் பிரித்து வேட்டைக்காரர்களுக்கு விற்கும் கடையை வைத்தாள். அந்த வட்டாரத்தில் யாருடைய துப்பாக்கியாவது பாதுகாப்பானதுதானா என்று சந்தேகம் வந்தால் போலீஸே அவளிடம்தான் அனுப்பும்.

காவல் நிலையத்தில் போலீஸ்காரர் யால்மரி அவளை எதிர்பார்த்தவர் போல எழுந்து நின்றார். நல்ல மனிதர். நான்கு நாளாகச் சரியாகத் தூங்காதது கண்ணில் தெரிந்தது. பக்கத்து அறையில் ஏமில் இருந்தான், கதவு மூடியிருந்தது. ஹில்யா அந்தக் கதவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த மூணு துப்பாக்கியும் எங்க இருக்கு?" என்று கேட்டாள் ஆவுனே.

"சனிக்கிழமை சாயங்காலமே வாங்கிப் பின்கட்டு ஷெட்டுல வெச்சுப் பூட்டினேன். சாவி என்கிட்டதான். சூடில்லாத ஷெட்டு. உள்ளயும் மைனஸ் பதினெட்டு. குளிர்ல இருந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள்ள கொண்டு வந்தா வியர்த்து நனைஞ்சிடும்னு எனக்கும் தெரியும்."

"நல்லது. சனிக்கிழமை குழலை மோந்து பார்த்தீங்களா?"

யால்மரி நெற்றியைச் சுருக்கினார். "ஏமிலோடதுல வெடிமருந்து வாசனை. நீலோவோடதுலயும் ஓட்டோவோடதுலயும் எண்ணெய் வாசனை. ரெய்னோவோடதுல ஒரு மாதிரி... பழைய கிரீஸ் வாசனை."

ஷெட்டில் மூச்சு வெள்ளையாக நின்றது. மூன்றும் ஒரே மாதிரியான பழைய ராணுவத் துப்பாக்கிகள். ஊர்க்காரர்களே குழம்பிப் போவார்கள் என்பதால் ஒவ்வொருவரும் துப்பாக்கியின் மரக்கட்டையில் பெயரைச் செதுக்கி வைத்திருந்தார்கள். ஆவுனே உள்ளே கொண்டு போகாமல் அங்கேயே நின்று, கையுறையைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சூலோ டார்ச் பிடித்தான்.

நீலோவுடையதைப் பார்த்து, "கவனமான ஆள்," என்றாள். குழலில் குறை எதுவும் இல்லை. ஓட்டோவுடைய குழலுக்குள் அம்மைத் தழும்பு போலக் கருப்பாகக் குழிகள் இருந்தன. "இதெல்லாம் போர்க்காலக் குழி. சேத்துலயும் மழையிலயும் வந்தது. ஆனா அதுக்கப்புறம் பதினாலு வருஷமா இந்த மனுஷன் ஒரு பொட்டு துரு விழ விட்டதில்ல. குழியோட ஓரமெல்லாம் மழமழன்னு இருக்கு பாரு." பிறகு குழல்வாயை மூக்கருகே கொண்டுபோனாள். அதில் வழக்கத்துக்கு மேல் எண்ணெய் இருந்தது.

ரெய்னோவுடையதுதான் மூன்றிலும் புதுசு போலிருந்தது. போருக்கு அனுப்பாமலே பெட்டியில் கிடந்த சரக்கு. நகரத்தில் பெட்டியோடு வாங்கி வந்திருந்தான். ஆவுனே தோட்டா ஏற்றும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தாள். வரவில்லை. உள்ளங்கையால் தட்டிய பிறகுதான் நகர்ந்தது. அதன் இடுக்கெல்லாம் மஞ்சள் மெழுகு போல ஏதோ இறுகியிருந்தது.

"என்ன அண்ணி இது?"

"கிடங்குல வெக்கறதுக்கு முன்னாடி பூசற கிரீஸ். இருபது வருஷம் கெட்டுப் போகாம இருக்கணும்னு பூசறது. வாங்கினவன் கொதிநீர்ல போட்டுக் கழுவி எடுக்கணும். இவன் வெளிப்பக்கம் துடைச்சதோட சரி."

யால்மரி ஒவ்வொருவரிடமிருந்தும் வாங்கி உறையிலிட்ட தோட்டாக்களைக் கேட்டு வாங்கினாள். ஓட்டோவிடம் நான்கு தோட்டா. போர்க்காலத்துச் சரக்கு, பித்தளை கறுத்திருந்தது. நீலோவுடையதும் ரெய்னோவுடையதும் கடையில் வாங்கிய புதுசு. ரெய்னோவின் தோட்டாக்களை அவள் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யால்மரியிடம் ஒரு விசித்திரமான உதவி கேட்டாள்.

"உங்க வீட்டு சவுனாவைச் சூடு பண்ணச் சொல்லுங்க."

யால்மரி அவளைப் பார்த்தார். "இன்னிக்குப் புதன்கிழமை. குளியல் சனிக்கிழமைதானே."

"தெரியும். குளிக்கறதுக்கு இல்ல."

நீராவிக் குளியலுக்காக, காவல் நிலையத்தை ஒட்டிய யால்மரி வீட்டுத் தோட்டத்தின் கோடியில் இருந்த அந்த மரவீட்டின் புகைக்கூண்டிலிருந்து புதன்கிழமை காலையில் புகை எழுந்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, யாருக்காவது பிரசவமா என்று கேட்டாள்; அந்தக் காலத்தில் பிள்ளை பெறுவதும் சவுனாவில்தான். யால்மரியின் மனைவி விறகை அடுக்கினாள். கற்கள் காய்ந்ததும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். வெந்நீராவி பலகைச் சுவர்களை நனைத்துக்கொண்டு உடை மாற்றும் முன்னறைக்குப் பரவியது. அந்த முன்னறை பெஞ்சில் மூன்று துப்பாக்கிகளையும் வரிசையாகக் கிடத்தினார்கள். அதற்கு முன் ஆவுனே ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரே ஒரு முறை உலர்ந்த துணியை விட்டு இழுத்தாள். மூன்றுக்கும் ஒரே மாதிரித் துணி, ஒரே ஒரு இழுப்பு. குளிரில் விறைத்திருந்த இரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்து, பிறகு துளித்துளியாக வியர்க்க ஆரம்பித்தது.

யால்மரி கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டார். மணி ஒன்பதரை.

காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஹில்யாவால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்ப்பாள். வண்டி நாலு மணிக்குத்தான் என்று தெரிந்தும் பார்ப்பாள். சவுனாவின் புகை மெலிந்துவிட்டதாகத் தோன்றினால் யாரும் சொல்லாமலே ஓடிப்போய், வெளிப்பக்கம் இருந்த அடுப்பு வாயில் விறகு போட்டுவிட்டு வருவாள். ஒருமுறை மூடிய கதவின் அந்தப் பக்கத்திலிருந்து ஏமில், இப்போது மணி என்ன என்று கேட்டான். அவள் சொன்னாள். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்டான்.

சூலோ தன் பங்குக்கு ஊரைச் சுற்றிவிட்டு மத்தியானம் திரும்பி வந்தான். நீலோ அண்ணனுடைய சவப்பெட்டிக்குப் பலகை அறுத்துக்கொண்டிருக்கிறான், யாரோடும் பேசவில்லை, அதுவே சந்தேகத்துக்குரியது என்று சொன்னான். ஆவுனே அதைக் காதில் வாங்காமல், ஓட்டோ வீட்டில் வேட்டை முடிந்ததும் வழக்கமாக என்ன நடக்கும் என்று கேட்டாள்.

சூலோ சிரித்துவிட்டான். "அதை ஏன் கேக்கறீங்க. போன வருஷம் நானும் போயிருந்தேனே. எல்லாரும் குளிர்ல நடுங்கிக்கிட்டுக் காப்பிக்குக் காத்திருக்கோம். ஓட்டோ அடுப்புல கொதிச்சிக்கிட்டிருந்த கெட்டிலைத் தூக்கிட்டுப் போய் மொத்தத் தண்ணியையும் குழல்ல ஊத்திட்டார். அவர் பொண்ணு ஐலி, அப்பா உனக்கு நாங்க முக்கியமா, அந்த இரும்பு முக்கியமான்னு கத்தறா. முதல்ல இரும்பு, அப்புறம்தான் மனுஷன்னார். அந்த ஐலியைத்தான் கிறிஸ்துமஸுக்கு ரெய்னோ கட்டிக்கப் போறான். பாவம், அந்த வீட்டுல அவனுக்குக் காப்பி கிடைச்ச மாதிரிதான்."

"சனிக்கிழமை அவங்க ரெண்டு பேரும் எங்க இருந்தாங்க?"

அதற்கு யால்மரி பதில் சொன்னார். ஏமிலும் நீலோவும் ஆர்வியைச் சறுக்குவண்டியில் கிடத்தி மூன்று கிலோமீட்டர் இழுத்துப் போனார்கள். ஏமிலின் துப்பாக்கி பனியிலேயே கிடந்தது. மற்றத் துப்பாக்கிகளை ஓட்டோவும் ரெய்னோவும் பக்கத்திலிருந்த ஓட்டோ வீட்டுக்குக் கொண்டு போனார்கள். ஓட்டோ உடனே பால் பண்ணைக்கு ஓடி டாக்டருக்குப் போன் பண்ணினார். திரும்பி வர ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும்.

ஆவுனே தலையசைத்தாள். "மூணு பேரையும் மூணு மணிக்கு வரச் சொல்லுங்க."

வந்தார்கள். சவுனா முன்னறையில் இடம் போதவில்லை. எல்லோரும் பலகைச் சுவரை ஒட்டி நின்றார்கள். வெப்பத்தில் கம்பளிக் கோட்டுகளிலிருந்து ஆட்டு வாசனை எழுந்தது. நீலோவின் முழங்கை வரை மரத்தூள். ஓட்டோ நரைத்த, அகன்ற தோளுடைய மனிதர். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். ரெய்னோ முப்பது வயதுக்காரன், நகரத்துச் சட்டைக் காலர். ஹில்யா கதவோரம் நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"போருக்கு முன்னாடியும் போர்லயும் செஞ்ச தோட்டாவுக்கு ஒரு குணம் உண்டு," என்று ஆரம்பித்தாள் ஆவுனே. கிடங்கில் பேசியது போலவே சத்தமில்லாமல் பேசினாள். "தோட்டாவோட அடியில, ஊசி அடிக்கற எடத்துல, ஒரு பித்தளைப் பொட்டு இருக்கும். பழைய பொட்டுல இருக்கற மருந்து எரிஞ்சா உப்பு மிஞ்சும். அந்த உப்பு குழல் முழுக்கப் படிஞ்சிடும். கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் போட்டுத் துடைச்சா கரி போகும், குழல் பளபளன்னு ஆகும். உப்பு போகாது. தண்ணிக்குத்தான் போகும். புதுத் தோட்டால இந்தத் தொல்லை கிடையாது."

"அதுக்கும் என் அண்ணனுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் நீலோ.

"உப்பு ஈரத்தை இழுக்கும். நாலு நாளா ஷெட்டுல எல்லாம் உறைஞ்சு கிடந்தது, அதனால ஒண்ணும் தெரியல. இங்க அஞ்சரை மணி நேரமா நீராவி. சுடாத குழல்னா அப்படியே இருக்கும். போலீஸ்காரரே, நீங்களே பாருங்க."

யால்மரி சின்னக் கண்ணாடியை வாங்கிக்கொண்டார். நீலோவின் குழலைப் பார்த்தார், சுத்தம் என்றார். ரெய்னோவின் குழலைப் பார்த்தார், சுத்தம் என்றார். மூன்றாவதை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு துப்பாக்கியை நீலோவிடம் நீட்டினார். குழலின் உள்ளே, முனையிலிருந்து அடி வரை, செங்கல் பொடியைத் தூவியது போலத் துரு பூத்திருந்தது.

கட்டையில் செதுக்கியிருந்த பெயர் ஓட்டோ.

நீலோ துப்பாக்கியைப் பெஞ்சில் போட்டுவிட்டு ஓட்டோவின் கோட்டைப் பிடித்துவிட்டான். யால்மரியும் சூலோவும் சேர்ந்து விலக்க வேண்டியிருந்தது. ஓட்டோ தடுக்கவில்லை. தொப்பியைச் சுருட்டுவதை மட்டும் நிறுத்தினார்.

"ஆமா," என்றார். "நான்தான் சுட்டேன். மான்னு நெனச்சேன். எழுதிக்கோங்க."

ஹில்யாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது; அழுகையா பெருமூச்சா என்று சொல்ல முடியாது. அவள் ஏமிலின் அறையை நோக்கி ஓடத் திரும்பினாள்.

"கொஞ்சம் இரு," என்றாள் ஆவுனே.

"ஏன்கா? அவரே ஒத்துக்கிட்டாரே. இன்னும் என்ன?"

"இவர் சுடல."

ஹில்யா அவளை வெறுப்போடு பார்த்தாள். சாலையில் எந்த நிமிஷமும் வண்டி வந்துவிடலாம். கையில் விழுந்த பழத்தை இந்தப் பெண் ஏன் மறுபடியும் மரத்துக்குத் தூக்கி எறிகிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"தப்பான ஆளை வெளிய எடுத்து, அதே எடத்துல இன்னொரு தப்பான ஆளை வெச்சா, நாளைக்கு அதுவும் நிக்காது," என்றாள் ஆவுனே அவளிடம். "உன் வீட்டுக்காரர் அப்பவும் நான்தானோன்னு கேட்டுக்கிட்டேதான் இருப்பார்." பிறகு ஓட்டோவிடம் திரும்பினாள். "ஓட்டோ, உங்க குழலைப் பார்த்தேன். பதினாலு வருஷமா நீங்க பழைய தோட்டாதான் போடறீங்க, ஒரு துரு விழுந்ததில்ல. ஏன்னா சுட்ட அன்னிக்கே கொதிக்கற தண்ணி ஊத்திக் கழுவறீங்க. காப்பித் தண்ணிக்கும் உங்ககிட்ட மரியாதை கிடையாதுன்னு ஊருக்கே தெரியும். அன்னிக்கு உங்க குழலைத் துடைச்சவன் தண்ணி ஊத்தல. எண்ணெயை மட்டும் ஊத்தி ஊத்தித் துடைச்சிருக்கான். புதுத் தோட்டாவை மட்டுமே பழகினவன் செய்யற வேலை அது."

"அவசரம்," என்றார் ஓட்டோ. "பயம். மறந்துட்டேன்."

"போர்ல குண்டு மழைக்கு நடுவுல மறக்காதவர். சரி, மறந்தீங்கன்னே வெச்சுக்குவோம். எப்ப துடைச்சீங்க? நீங்க வீட்டுக்கு வந்த கையோட பால் பண்ணைக்கு ஓடினீங்க. அங்க எல்லாரும் உங்களைப் பார்த்திருக்காங்க."

நீலோ கொஞ்சம் கொஞ்சமாக வேறு பக்கம் திரும்பினான். அவன் திரும்பிய பக்கத்தில் ரெய்னோ நின்றான்.

"என் துப்பாக்கி சுத்தமா இருக்கே," என்றான் ரெய்னோ. குரல் சரியாக வரவில்லை. "நீங்களே பார்த்தீங்களே."

"சுத்தம்தான். அதனாலதான் உன்கிட்ட வந்தேன். அந்த போல்ட்டுல கிடங்குக் கிரீஸ் அப்படியே இருக்கு. இந்தக் குளிர்ல அது இறுகிப்போய், ஊசி தோட்டாவுக்கு முத்தம் கொடுத்துட்டு நிக்கும், வெடிக்காது. அது உனக்கும் தெரியும். உன் தோட்டால ரெண்டோட பொட்டுல லேசா ஒரு பள்ளம் இருக்கு. ரெண்டு தடவை விசையை அழுத்திப் பார்த்திருக்க, வெடிக்கல. முதல் எல்க் வேட்டை. கட்டிக்கப் போற பொண்ணோட அப்பா பக்கத்துல. சுடாத துப்பாக்கியோட மறுபடி வரிசையில போய் நின்னிருப்பியா?" அவள் நிறுத்தினாள். "பதினோரு மணிக்கு எல்லாரும் தீ மூட்டிக் காப்பி குடிச்சீங்க. அங்க வெச்சுத் துப்பாக்கி மாறிச்சு. யார் கேட்டது, யார் கொடுத்தது, அதெல்லாம் எனக்குத் தெரியாது."

"நான்தான் கொடுத்தேன்," என்றார் ஓட்டோ. "எனக்கு இப்பல்லாம் தூரத்துல இருக்கறது மங்கலாத் தெரியுது. அவனாவது ஒரு மானை எடுக்கட்டும்னு நெனச்சேன்." பிறகு, யாரிடமும் இல்லாமல், சொன்னார்: "சத்தம் ரெண்டு கேட்டுது. ரெண்டாவது என் துப்பாக்கியோட சத்தம். அது எனக்குத் தெரியாதா? பால் பண்ணையிலருந்து வந்தா குழல் பளபளன்னு இருக்கு. அவன் ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல."

"மாமா," என்றான் ரெய்னோ.

"மாமான்னு கூப்பிடாதே இப்ப."

ரெய்னோ பெஞ்சின் ஓரத்தில், துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தான். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. வடக்கே ஏமிலின் வெடி கேட்டதும் மான் தன் பக்கம் ஓடி வரும் என்று துப்பாக்கியைத் தூக்கினான். மரங்களுக்கிடையில் பழுப்பாக ஒன்று அசைந்தது. அந்த நொடியிலேயே சுட்டான். ஆர்வி அன்று பழுப்பு ஆட்டுத்தோல் கோட்டு போட்டிருந்தார். கிட்டே போனபோது ஏமில் ஏற்கெனவே அவர் பக்கத்தில் மண்டியிட்டு, நான் சுட்டேன், நான்தான் சுட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தன்னை யாரும் எதையும் கேட்கவில்லை. வாயைத் திறக்க ஒரு நிமிஷம் தாமதித்தான்; பிறகு அந்த நிமிஷம் நான்கு நாளாகிவிட்டது.

"ஏமிலோட குண்டாவும் இருந்திருக்கலாமே," என்றார் யால்மரி, கடமைக்காக. "ரெண்டு பேரும் சுட்டிருக்கீங்க."

ரெய்னோ தலையை ஆட்டினான். "நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். நான் சுட்டதும் அந்தப் பழுப்பு உருவம் உக்காந்துச்சு." அவன் தன் கைகளைப் பார்த்தான். "மான் உக்காராது."

நீலோ வெளியே போய்விட்டான். யாரையும் அடிக்கவில்லை. தோட்டத்தைக் கடந்து, கதவைக்கூடச் சாத்தாமல், மரம் அறுக்கிற இடத்துக்கே திரும்பினான். ஓட்டோ அந்தத் திறந்த கதவைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஹில்யாவுக்கு முன்னால் வந்து ஏதோ சொல்ல முயன்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆனால் அவருக்கு உதவவும் இல்லை. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அங்கே ஐலியிடம் சொல்ல வேண்டியதை இனி வேறு யாரும் சொல்ல முடியாது.

நாலு மணிக்கு வந்த வண்டியில் ரெய்னோ ஏறினான். டிரைவர் கொண்டு வந்த காகிதத்தில் வேறு பெயர் இருந்தது. யால்மரி அதை அடித்துவிட்டு மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏமிலின் அறைக் கதவைத் திறந்தபோது அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான்கு நாளில் தாடி வளர்ந்திருந்தது. சனிக்கிழமை கழற்றி வாங்கிய இடுப்புப் பட்டையையும் காலணிக் கயிறுகளையும் யால்மரி மேசையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். ஏமில் கேட்டுக்கொண்டிருந்தான், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டாவது சத்தம்," என்றான். "அப்ப அது எதிரொலி இல்ல."

"இல்ல," என்றாள் ஆவுனே.

"நான் காட்டைப் பார்த்துத்தான் சுட்டேன்."

"ஆமா."

அவன் யோசித்தான். முகத்தில் நிம்மதி வருவதற்கான அறிகுறியே இல்லை.

"நிச்சயமா நான் இல்லையா?" என்று கேட்டான் ஏமில்.

ஆவுனே முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். உப்பைச் சொன்னாள், நீராவியைச் சொன்னாள், ரெய்னோ பார்த்ததைச் சொன்னாள். அவசரப்படாமல், ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவன் தலையாட்டினான். சற்று நேரம் கழித்து அதே குரலில் மறுபடியும் கேட்டான். ஆவுனே வாயைத் திறப்பதற்குள் ஹில்யா அவளைத் தாண்டிப் போய்த் தரையில் உட்கார்ந்து, அவனுடைய காலணியைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். கயிறு முதல் துளையில் நுழையவில்லை. எச்சில் தொட்டு முனையை முறுக்கினாள். கோர்த்தாள்.

"நீங்க இல்ல," என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "இன்னொரு காலைக் காட்டுங்க."